ஒன்ராறியோ ஹில்லுக்கு எந்த ஸ்கீ? வாடகையா, லீஸா, சொந்தமா?

ஒக்டோபர் பிறந்தா காணும், எங்கட வாட்ஸ்அப் குறூப்புகளில ஒரே கேள்விதான் ஓடத் தொடங்கும், பிள்ளை இந்த முறை ஸ்கீ கேக்குது, வாங்குறதோ வாடகைக்கு எடுக்கிறதோ, வாங்கினா எது நல்லது எண்டு. உடன ஆராவது ஒரு யூடியூப் லிங்க் போடுவினம், அதில ஒருத்தர் பிரிட்டிஷ் கொலம்பியாவில இடுப்பளவு ஸ்னோவுக்குள்ள மிதந்து வருவார், தலைப்பில இதுதான் இந்த வருஷத்தின்ர சிறந்த ஸ்கீ எண்டு இருக்கும். சரி, அந்த ஸ்கீயைக் கொண்டுபோய் நாங்கள் எங்க போடப்போறம்? ரொறன்ரோவுக்குக் கிட்ட உள்ள லேக்ரிட்ஜில, பிறிமக்கூம்பில, கூடிப்போனா புளூ மவுண்டனில. நான் சொல்ல வாறது இதுதான், முதல்ல எந்த ஹில்லுக்குப் போகப்போறியள் எண்டு பாருங்கோ, பிறகு ஸ்கீயைப் பாருங்கோ, அதோட பெரியாக்கள் முதல் ரெண்டு மூண்டு வருஷம் பூட்ஸைச் சொந்தமா வாங்கி ஸ்கீயை வாடகைக்கு எடுக்கிறதுதான் காசுக்கும் காலுக்கும் நல்லது. கடைக்காரர் இதைக் கனக்கச் சொல்ல மாட்டினம்.

எங்களுக்குக் கிட்ட உள்ளது எல்லாம் சின்ன ஹில்லுகள். புளூ மவுண்டன்தான் மாகாணத்தில பொதுச்சனம் போகக்கூடிய இடங்களுக்குள்ள பரப்பில பெரிசு, அதுகூட உச்சியிலயிருந்து அடிவரைக்கும் 219 மீற்றர்தான், கியூபெக்கில ட்ரம்பிளான் 600 மீற்றரைத் தாண்டும், மேற்க விசிலரோட இருக்கிற பிளாக்கோம் 1,600 மீற்றர். நயாகரா அருவி விழுற அதே பாறை விளிம்பு வடக்க ஓடி ஜோர்ஜியன் பே கரைக்கு வரேக்க கொலிங்வூட் பக்கத்தில நல்ல சரிவா இறங்குது, அதிலதான் செக்கோஸ்லோவாக்கியாவிலயிருந்து வந்த ஜோசோ வைடர் எண்டவர் 1941இல புளூ மவுண்டனைத் தொடங்கினவர். அந்தக் கரை வழியா கிரெய்க்லீத், ஒஸ்லர் பிளஃப், ஜோர்ஜியன் பீக்ஸ் எண்டு இன்னும் ஹில்லுகள் தெரியும், அதெல்லாம் தனியார் கிளப், அங்கத்தவரும் அவையின்ர விருந்தாளியளும்தான் போகலாம், அதால ஜிபிஎஸ்ஸில பாத்து அங்க காரைத் திருப்பாதேங்கோ.

ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு புளூ மவுண்டன் ரெண்டு மணித்தியாலம், ஹைவே 400இல பரி நகரம் வரைக்கும் போய் ஹைவே 26இல திரும்போணும், சனிக்கிழமை விடிய 400இல நிண்டவைக்கு அது எவ்வளவு அலுப்பெண்டு தெரியும். லேக்ரிட்ஜ் ஏஜக்ஸிலயிருந்து நேர வடக்க, வேலை முடிச்சு வந்து பின்னேரம் லைற் வெளிச்சத்தில ஓடிப்போட்டு ராச்சாப்பாட்டுக்கு வீட்ட வரலாம். பிறிமக்கூம்ப் 401இல கிழக்க போய் ஒறோனோவில, ஒஷாவா ஸ்கீ கிளப் நடத்துற இடம், லாபத்துக்கு நடத்துற இடம் இல்லை எண்டுறது அங்க போனோடனேயே விளங்கும், லொட்ஜில பிள்ளையளின்ர பூட்ஸைக் குனிஞ்சு பூட்டிவிடுற தாய் தேப்பன்தான் கனபேர், ஒருத்தரும் உங்கட ஜக்கெற் என்ன பிராண்ட் எண்டு பாக்கிறேல்லை. சிற்றிக்குள்ளயே வேணுமெண்டா பாதர்ஸ்ற்–ஷெப்பர்ட் கிட்ட ஏர்ள் பேல்ஸ் பார்க்கில நகரசபை நடத்துற சின்னச் சரிவு இருக்கு, முதல் நாள் பழகிறதுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா விழுந்து எழும்பிப் பழகிறதுக்கு 200 மீற்றர் உயரம் தேவையில்லை, ஆளை நிண்டபடியே மேல கொண்டுபோற மஜிக் கார்பெற் இருந்தா காணும்.

இப்ப ஸ்னோவுக்கு வருவம். ஒன்ராறியோவில நாங்கள் ஓடுறதில பெரும் பங்கு மெஷினால அடிச்ச ஸ்னோ, குளிர் சைபருக்குக் கீழ வடிவா இறங்கினோடன ராத்திரி முழுக்க ஸ்னோ கன் இரையும், அந்த ஸ்னோ வானத்தால விழுற பூமாதிரியான ஸ்னோ இல்லை, சின்னச் சின்ன உருண்டையா, அடர்த்தியா இருக்கும். அதுக்கு மேல ஜனவரியில ஒரு கிழமை சூடாகி மழை பெய்யும், பிறகு ராவோட ராவா மைனஸ் பதினைஞ்சுக்குப் போகும், அடுத்த நாள் விடிய குறூமர் எண்ட மெஷின் உழுது வரி வரியா விட்டிருந்தாலும் பதினொரு மணிக்குள்ள சனம் எல்லாம் ஓடி அந்த மேல்படையைச் சுரண்டி எறிஞ்சுபோடும், கீழ சாம்பல் நிறத்தில பளபளக்கும், அது ஐஸ். உங்கட ஸ்கீ செய்யவேண்டிய முதல் வேலை அந்த ஐஸில பிடிக்கிறது. மிதக்கிறது இல்லை.

இதில ஸ்கீயின்ர அகலம்தான் பெரிய விசயம். ஸ்கீயின்ர நடுவில, பூட்ஸுக்குக் கீழ உள்ள அகலத்தை மில்லிமீற்றரில சொல்லுவினம், கனக்க மொடலுக்கு பேரிலேயே அந்த இலக்கம் இருக்கு, கடந்த சில வருஷத்தில வந்த வோல்க்கல் டீக்கன் 76, எலான் விங்மன் 82, பிளிசார்ட் பிரம்மா 88, நோர்டிக்கா என்ஃபோர்சர் 100 எண்டு. ஸ்கீ ஒடுக்கமா இருந்தா இரும்பு விளிம்பு உங்கட பாதத்துக்கு நேர கீழ வரும், காலைச் சரிச்ச உடன விளிம்பு கடிக்கும், ஒரு பக்கத்தாலயிருந்து மற்றப் பக்கம் மாறுறதும் கெதி. அகலமா இருந்தா விளிம்பு பாதத்துக்கு வெளியில நிக்கும், ஐஸில அதைச் சரிச்சுப் பிடிக்க முழங்காலும் கணுக்காலும் கூடப் பாடுபடும், நாள் முடிய முழங்கால் உளையும். மேற்க ஒரு ராவில முப்பது நாப்பது சென்ரிமீற்றர் விழுற இடத்தில அந்த அகலம்தான் ஆளைத் தாழ விடாமல் தூக்கும், அங்க 100 எண்டுறது நியாயமான கதை. லேக்ரிட்ஜில ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 100 மில்லிமீற்றர் ஸ்கீயோட ஐஸில நிக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை.

என்ர தீர்ப்பைக் கேட்டா, ஒன்ராறியோவில மட்டும் ஓடுற ஆளுக்கு 70க்கும் 82க்கும் இடையில. வருஷத்தில ஒருக்கா ட்ரம்பிளானோ மேற்கோ போற ஆளெண்டா 82–88. 90க்கு மேல இஞ்ச வாங்கவே வேண்டாம், மேற்க போற கிழமைக்கு அங்கேயே வாடகைக்கு எடுங்கோ, பிளேனில ஸ்கீ பாக் ஏத்துற காசும் மிச்சம். நம்பிக்கை இல்லையெண்டா ஒரு வார நாள் விடிய புளூ மவுண்டன் லிஃப்ற் லைனில நிண்டு, ரிட்டயர் ஆகி சீசன் பாஸோட வாற அந்தப் பழைய ஆக்களின்ர காலைப் பாருங்கோ, முக்கால்வாசி ஒடுக்கமான கார்விங் ஸ்கீதான். அவை வடிவா வளைஞ்சு வளைஞ்சு, ஒரு துளி ஸ்னோ தெறிக்காமல், ரெண்டு கோடு மாத்திரம் கீறிக்கொண்டு இறங்குவினம், அதைப் பாத்துக்கொண்டே நிக்கலாம்.

நீளத்துக்கு ஒரு லேசான கணக்கு இருக்கு, ஸ்கீயை நிப்பாட்டினா பழகுற ஆளுக்கு நாடிக்கு வரோணும், ஓரளவு ஓடத் தெரிஞ்ச ஆளுக்கு மூக்குக்கு, நெற்றியைத் தாண்டினது இஞ்சத்தைச் சின்ன ஹில்லுக்குத் தேவையில்லை, ஆனா உயரத்தை மட்டும் பாக்காதேங்கோ, பாரமும் கணக்கு, ஒரே உயரத்தில பாரம் கூடின ஆளுக்கு கொஞ்சம் நீளமாவும் கொஞ்சம் விறைப்பாவும் வேணும். ஸ்கீ எவ்வளவு பெரிய வளைவெடுக்கும் எண்டு சொல்லுற வளைவு றேடியஸ் எண்டு ஒண்டு ஸ்கீயிலேயே எழுதியிருக்கும், 12 தொடங்கி 15 மீற்றர் எங்களுக்குப் போதும், ஹில் கட்டையா இருக்கிறபடியா சின்னச் சின்ன வளைவு கனக்க எடுத்தாத்தான் ஓடின திருப்தி வரும். உள்ளுக்கு ரைற்றனால் எண்டு ஒரு மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு வைச்ச ஸ்கீயள் இருக்கு, ஐஸில அதிராமல் அமைதியாப் போகும், விலையும் பாரமும் கூட, பழகுற ஆளுக்கு அது திரும்பாது, ரெண்டு மூண்டு சீசனுக்குப் பிறகு யோசியுங்கோ.

சரி, வாடகையா சொந்தமா. ஹில்லிலேயே நாள் வாடகைக்கு எடுத்தா ஸ்கீ, பூட்ஸ், போல்ஸ் எண்ட கைத்தடி எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 50 டொலர் போகும், இடத்துக்கு இடம் கூடிக் குறையும், அதோட 13 வீத வரி. வருஷத்தில ரெண்டு மூண்டு தரம் போற குடும்பத்துக்கு அதுக்கு மேல யோசிக்கவே தேவையில்லை, வாடகைதான். ஆனா வாடகையின்ர உண்மையான விலை காசில இல்லை, நேரத்திலதான் போகுது, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாடகை லைனில நிண்டு, போர்ம் நிரப்பி, பூட்ஸ் மாத்தி, பிள்ளைக்கு சிறுநீர் வந்து, வெளிய வர பத்தரை, அந்த நேரம்தான் ஸ்னோ நல்லா இருந்த நேரம். சிற்றியில உள்ள ஸ்கீ கடையள் சிலதில முதல் நாள் பின்னேரமே எடுத்துக்கொண்டு போகலாம், இப்பிடிச் செய்தா விலையும் பெரும்பாலும் குறைவு. இன்னொரு விசயம், வாடகை ஸ்கீயின்ர விளிம்பு மொட்டையா இருக்கிறது கூட, நகத்தை விளிம்புக்குக் குறுக்க மெதுவா இழுத்துப் பாருங்கோ, நகத்தில வெள்ளைத் தூள் சீவிக்கொண்டு வந்தா கூர் இருக்கு, வழுக்கிக்கொண்டு போனா கூர் இல்லை, அந்தச் சோடியைத் திருப்பிக் குடுத்து வேற கேளுங்கோ, கேக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை, ஐஸில விழப்போறது நீங்கள்தான்.

சீசன் லீஸ் எண்டுறது பிள்ளையளுக்கெண்டே செய்த ஏற்பாடு மாதிரி. செப்ரெம்பர் ஒக்டோபரில போய் ஒரு தொகை கட்டினா ஸ்கீ, பூட்ஸ், பூட்ஸை ஸ்கீயோட பூட்டுற பைண்டிங் எல்லாம் வசந்தம் வரைக்கும் வீட்டில, நாள் வாடகையோட பாத்தா ஐஞ்சு ஆறு நாளிலேயே காசு சரிக்கட்டும். கால் வளந்தா நடுச் சீசனில பூட்ஸ் மாத்தித் தாற கடையளும் இருக்கு, கையெழுத்து வைக்க முதல் அதைக் கேட்டு எழுத்தில வாங்குங்கோ. பிள்ளைக்கு ஸ்கீ வாங்கி வைக்கிறதில எனக்கு உடன்பாடே இல்லை, அடுத்த வருஷம் காலும் உயரமும் கூடியிருக்கும், கடைசியில கராஜில ஒரு சோடி நிக்கும். ரெண்டு மூண்டு பிள்ளையள் இருந்து ஒண்டின்ரதை மற்றது போடலாம் எண்டா மட்டும் கணக்கு மாறும், அப்பவும் பைண்டிங்கை ஒவ்வொரு பிள்ளைக்கும் கடையில குடுத்துத் திருப்பிச் சரிபண்ணோணும். கிரேட் 4, 5 பிள்ளையளுக்கு கனடியன் ஸ்கீ கவுன்சில் ஒரு ஸ்னோ பாஸ் விக்குது, அதில சேந்த ஒவ்வொரு இடத்திலயும் சில லிஃப்ற் ரிக்கெற் கிடைக்கும், அந்த ரெண்டு வருஷத்தைத் தவற விடாதேங்கோ, லீஸையும் அதையும் சேத்தா ஒரு பிள்ளையின்ர முழுச் சீசனும் எவ்வளவு மலிவா முடியுது எண்டு நீங்களே கூட்டிப் பாருங்கோ.

இனி பூட்ஸ், நான் முக்கியமாச் சொல்ல வந்தது இதுதான். ஸ்கீயை ஓட்டுறது கால், காலுக்கும் ஸ்கீக்கும் நடுவில உள்ள ஒரே தொடர்பு பூட்ஸ். வாடகைப் பூட்ஸ் நூறு பேரின்ர காலுக்கு வளைஞ்சு கொடுத்துக் கொடுத்து உள் மெத்தை இளகிப் போயிருக்கும், கால் உள்ளுக்குள்ள அசையும், நீங்கள் காலைச் சரிக்க அரைச் செக்கனுக்குப் பிறகுதான் ஸ்கீ சரியும், பழகுற ஆக்கள் கனபேர் தங்களுக்கு ஸ்கீ வராது எண்டு முடிவெடுக்கிறது இந்தப் பூட்ஸாலதான். அதால முதல் காசு பூட்ஸுக்குப் போகோணும். ஸ்கீயை மாத்திக்கொண்டே இருக்கலாம், நல்லாப் பொருந்தின பூட்ஸ் கன வருஷம் வரும்.

எப்பிடிப் பாக்கிறது? பின்னேரம் போங்கோ, கால் அந்த நேரம்தான் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில இருக்கும். மெல்லிசான ஒரு சொக்ஸ் மட்டும், ரெண்டு சொக்ஸ் போட்டா சூடு கூடும் எண்டுற எங்கட நினைப்பு இதில சரிவராது, இறுக்கம் கூடி ரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிரும். அளவு மொண்டோ எண்டு சென்ரிமீற்றரில வரும், 26.5 எண்டா பாதம் இருபத்தாறரை சென்ரிமீற்றர், சாதாரண சப்பாத்து நம்பரைச் சொல்லாதேங்கோ, நிண்டுகொண்டு அளக்கச் சொல்லுங்கோ. பிறகு உள் மெத்தையைக் கழட்டி வெளியில எடுக்கச் சொல்லி வெறும் பிளாஸ்ரிக் கூட்டுக்குள்ள காலை விட்டு, விரல் நுனி முன்னுக்கு முட்டுற மாதிரித் தள்ளி, குதிக்காலுக்குப் பின்னால எவ்வளவு இடைவெளி எண்டு பாருங்கோ, ஒண்டரை விரல் அளவுக்கு இருந்தா நல்லது, மூண்டு விரல் போகுது எண்டா அது பெரிசு, எவ்வளவு சுகமா இருந்தாலும் வாங்காதேங்கோ. மெத்தையைத் திருப்பிப் போட்டு கொழுவியை எல்லாம் பூட்டி நிமிந்து நிண்டா விரல் முன்னுக்குத் தொடும், பயப்பிடாதேங்கோ, முழங்காலை மடிச்சு முன்னால சாய குதி பின்னுக்குப் போய் இருந்து விரல் விடுபடும், அப்பிடி இருந்தாச் சரி. கடையுக்குள்ளேயே கால் மணித்தியாலம் போட்டுக்கொண்டு நில்லுங்கோ. எங்கட ஆக்களில கனபேருக்கு பாதத்தின்ர முன்பக்கம் அகலம், சின்ன வயசில செருப்போட வளந்த கால், அதால 102 மில்லிமீற்றர் அகலப் பூட்ஸ் இருக்கோ எண்டு கேளுங்கோ, 98 எண்டு குடுத்துப்போட்டு இளகும் இளகும் எண்டு சொன்னா எழும்பி வாங்கோ. விறைப்பு இலக்கம் பழகுற ஆம்பிளையளுக்கு 80–100, பொம்பிளையளுக்கு 60–80 எண்டு தொடங்கினாச் சரி, கொம்பனிக்குக் கொம்பனி கொஞ்சம் மாறும். கிட்டத்தட்ட 400 தொடங்கி 700 டொலர் வரும், கஷ்டமான தொகைதான், தெரியும், ஆனா அதே காசுக்கு ஒரு மலிவு ஸ்கீயும் மலிவு பூட்ஸும் சேத்து எடுக்கிறதிலும் பாக்க இது ஆயிரம் மடங்கு நல்லது.

பாவிச்ச சாமான் வாங்குறதைப் பற்றியும் சொல்லோணும், கிஜிஜியிலயும் மார்க்கெற்பிளேசிலயும் 60 டொலருக்கு ஸ்கீ கிடக்கு, பாத்தா ஆசையாத்தான் இருக்கும். நேரான, ரெண்டு மீற்றர் நீள ஸ்கீ எண்டா தொடவே வேண்டாம், சிலோவேனியாவின்ர எலான் கொம்பனி 1993இல எஸ்சிஎக்ஸ் எண்டு நடு ஒடுங்கி முன்பின் விரிஞ்ச ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பழைய வடிவம் ஓய்ஞ்சு போச்சு, அதில பழகிறது வீண் கஷ்டம். புது வடிவமா இருந்தாலும் பைண்டிங்கைப் பாருங்கோ, ஒவ்வொரு கொம்பனியும் எந்தப் பைண்டிங்குக்கு இன்னும் பொறுப்பு எடுக்கிறம் எண்டு ஒரு பட்டியல் வைச்சிருக்கு, அதில இல்லாத பைண்டிங்கை எந்த நல்ல கடையும் சரிபண்ணித் தராது, அப்ப 60 டொலர் ஸ்கீக்கு 250 டொலர் பைண்டிங் போடவேண்டி வரும். இப்பத்தைப் பூட்ஸ் கூடுதலா கிரிப்வோக் எண்ட வளைஞ்ச அடியோட வருது, பழைய பைண்டிங்குக்கு அது பொருந்தாது, விழேக்க கழரவேண்டிய நேரம் கழராமல் முழங்கால்தான் முறுகும். எவ்வளவு விசையில பூட்ஸ் கழரோணும் எண்டு சொல்லுற பைண்டிங்கின்ர டின் இலக்கத்தை வீட்டில ஸ்குறூடிரைவரால நீங்கள் திருப்பாதேங்கோ, உயரம், பாரம், வயசு, ஓடுற விதம், பூட்ஸ் நீளம் எல்லாம் பாத்து கடையில போடவேண்டியது அது. விளிம்பில வெடிப்பு, பக்கத்தால பிளந்த கோடு, அடியில மரம் தெரியிற அளவுக்குக் கீறல், இதில ஒண்டு இருந்தாலும் விடுங்கோ. பாவிச்ச பூட்ஸ், அதுவும் பத்துப் பதினைஞ்சு வருஷம் பழசு, வேண்டவே வேண்டாம், பிளாஸ்ரிக் மக்கி குளிருக்குள்ள வெடிச்சுப் பிரியும். ஸ்கீ கிளப்புகள் இலையுதிர் காலத்தில வைக்கிற, பாவிச்ச சாமான் விக்கிற ஸ்வாப்புகள் பரவாயில்லை, விசயம் தெரிஞ்ச ஆக்கள் பக்கத்தில நிப்பினம், கேட்டா ஆசையாச் சொல்லித் தருவினம்.

இந்த ஹில்லுகளின்ர பழக்கவழக்கத்தையும் சொன்னாத்தான் முழுசாகும், ஏனெண்டா எங்கட சனம் கனபேர் அங்க தங்களுக்கு இடமில்லை எண்டு நினைச்சே போறேல்லை, எனக்கு அது கவலை. லொட்ஜில சாப்பாடு கொண்டுபோய்ச் சாப்பிட இடம் இருக்கிற ஹில்லுகள் கன, மட்டன் ரோல்ஸும் பிளாஸ்கில தேத்தண்ணியும் கொண்டுபோங்கோ, பக்கத்து மேசைக்காரர் வாசத்துக்குத் திரும்பிப் பாத்து என்ன எண்டு கேப்பினம், ஒண்டைக் குடுங்கோ, அதோட கதை தொடங்கும். லிஃப்ற் லைனில தனிய வந்த ஆள் சிங்கிள் எண்டு கூப்பிட்டா உங்கட கதிரையில இடம் குடுக்கிறது வழக்கம், கதிரையில ஏறினோடன மற்றாக்களிட்டச் சொல்லிப்போட்டு முன்னுக்குள்ள பாதுகாப்புப் பாரை இறக்குங்கோ. கீழ நிக்கிற ஆளுக்குத்தான் முதல் உரிமை, மேலயிருந்து வாற நீங்கள்தான் விலத்தோணும். சாப்பிடப் போகேக்க சோடியைப் பிரிச்சு ஒரு ஸ்கீயை ஒரு றாக்கிலயும் மற்றதைத் தள்ளி வேற றாக்கிலயும் வையுங்கோ, ஒத்தை ஸ்கீயை ஒருத்தரும் தூக்க மாட்டினம். ஃபமிலி டே வார இறுதியும் மார்ச் பிறேக்கும் சனம் பிதுங்கும், பழகுறவை அந்த நாளைத் தவிருங்கோ, வார நாள் ராத்திரி ரிக்கெற்தான் மலிவும் அமைதியும்.

அப்ப இந்த வருஷம் தொடங்கப்போற நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் என்ன செய்யலாம் எண்டா, பிள்ளையள் ரெண்டுக்கும் லீஸ், தாய் தேப்பன் முதல் ரெண்டு நாள் முழுக்க வாடகை, பிடிச்சுப்போச்சு எண்டா பூட்ஸ் மட்டும் வாங்கி ஸ்கீயை டெமோ எண்டு கேட்டு ஒவ்வொரு முறையும் வேற வேற எடுத்து ஓடிப் பாருங்கோ, 74, 78, 84 எண்டு மாத்தி மாத்தி, டெமோக் காசை வாங்கேக்க கழிச்சுவிடுற கடையளும் இருக்கு. எது ஐஸில உங்களைப் பயப்பிடுத்தேல்லையோ அதின்ர பேரையும் நீளத்தையும் போனில எழுதி வையுங்கோ. ரெண்டு மூண்டு சீசன் இப்பிடி ஓடின பிறகு வாங்குறதெண்டா, மார்ச் கடைசியில கடையள் இடம் ஒதுக்கக் கழிவு போடுவினம், அடுத்த வருஷ மொடலுக்கும் அதுக்கும் கனக்க இடங்களில மேல உள்ள படம் மட்டும்தான் வித்தியாசம், அப்ப போய் வாங்குங்கோ. வாங்கின பிறகு ஒவ்வொரு நாளும் வீட்ட வந்து விளிம்பைத் துணியால துடைச்சு ஈரம் இல்லாமல் வையுங்கோ, இல்லையெண்டா ஒரே ராவில துரு பிடிக்கும், நாலைஞ்சு நாள் ஓடினோடன கடையில குடுத்து விளிம்பைக் கூராக்கி வக்ஸ் போடுங்கோ, எத்தினை பாகையில கூராக்கிறது எண்டு கேப்பினம், பக்கத்துக்கு 88, அடிக்கு 1 எண்டு சொல்லுங்கோ.